ஒரே ஒரு நாள் என்றால்: மயிலாப்பூரா, ஜார்ஜ் டவுனா?

"மெரினா, மால் எல்லாம் வேண்டாம்டா. பழைய மெட்ராஸ் எங்க ஒளிஞ்சு கிடக்கோ அங்க கூட்டிட்டுப் போ. சாப்பாட்டையும் அங்கேயே பாத்துக்கலாம்" என்றார் மதுரையிலிருந்து வந்திருந்த சித்தப்பா. கையில் இருந்தது ஒரு சனிக்கிழமை மட்டும். மயிலாப்பூரா, ஜார்ஜ் டவுனா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு ஜார்ஜ் டவுனுக்கே கூட்டிப் போனேன். இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். திருவல்லிக்கேணியையும் யோசித்தேன். ஆனால் பார்த்தசாரதி கோயிலும் ரத்னா கஃபே சாம்பார் இட்லியும் எனக்கு அரை நாள் சமாச்சாரம்.

மயிலாப்பூரின் பெருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கபாலீசுவரர் கோயில், மாட வீதிகள், 1927-லிருந்து நடக்கும் காளத்தி கடை ரோஸ் மில்க், அருண்டேல் தெரு ராயர் மெஸ், எல்லாமே ஊருக்கே தெரிந்தவை. ஒரு வீட்டின் ஜன்னல் வழியாகவே பொங்கலும் பஜ்ஜியும் கொடுக்கும் ஜன்னல் கடையைக்கூட இன்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள்.

நிஜமாகவே தரைக்குக் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் மயிலாப்பூர் பக்கம்தான் ஜெயிக்கிறது. சாந்தோம் தேவாலயத்தில் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தாலும் தனி வாசல் வழியாகப் படியிறங்கிப் புனித தோமாவின் கல்லறைக்குப் போகலாம். மேலே நிற்கும் வெள்ளைக் கோபுரம் 1896-இல் கட்டியது. கீழே இருக்கும் நம்பிக்கை அதைவிடப் பல நூற்றாண்டு பழையது. சைதாப்பேட்டை சின்னமலைக் குகையையும் சேர்த்துக்கொண்டால் ஒரு காலைப்பொழுது அருமையாகப் போகும். ஜார்ஜ் டவுனில் இப்படி இறங்கிப் பார்க்க ஒன்றும் கிடையாது. அங்கே பழசு புதைந்து கிடப்பது மண்ணுக்குள் இல்லை, வியாபாரத்துக்குள்.

ஜார்ஜ் டவுன் பாரிமுனையில் பஸ் பிடிக்க எத்தனை தடவை நின்றிருப்போம்? அங்கே டேர் ஹவுஸ் ஓரமாக ஒரு கல்தூண் நிற்கிறது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை, கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கருப்பர் நகர வீடுகளில் பதுங்கிக்கொண்டு ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டையைச் சுட்டது. பிழைத்துக்கொண்ட ஆங்கிலேயர் கோட்டையை ஒட்டியிருந்த வீடுகளை இடித்து வெளியாக்கி, இந்த எல்லைக்கு உள்ளே யாரும் கட்டக் கூடாது என்று 1773-இல் ஆறு தூண்களை நட்டார்கள். அதில் மிஞ்சியது இது ஒன்றுதான். இடித்த அந்த ஊர் இருந்த இடத்தில்தான் இன்று உயர்நீதிமன்றம் நிற்கிறது. அதன் மதிலில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு குண்டு போட்டதைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கிறது. "எம்டன்டா அவன்" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்த சித்தப்பா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

அரண்மனைக்காரத் தெருவில் உள்ள ஆர்மீனியத் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் தெருவின் ஹாரன் சத்தம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. இப்போதைய கட்டடம் 1772-ஐச் சேர்ந்தது. முற்றத்துத் தரையிலேயே கல்லறைக் கற்கள் பதிந்திருக்கின்றன. ஆர்மீனிய எழுத்துகளை மிதிக்காமல் நடக்கப் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை அச்சானது 1794-இல், இந்த மெட்ராஸில். அதை நடத்திய பாதிரியார் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். இங்கிருந்து தம்பு செட்டித் தெரு காளிகாம்பாளிடம் போக ஐந்து நிமிடம்கூட ஆகாது. சுதேசமித்திரன் பத்திரிகையில் வேலை பார்த்த காலத்தில் பாரதி கும்பிட்ட அம்மன்.

வடக்கே போனால் பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்கா. 1770 வாக்கில் நகரத்தைச் சுற்றிக் கட்டிய மதிலின் மிச்சத்துண்டு அது. செலவுக்கு ஊர்க்காரர்களிடமே வரி போட நினைத்து, கடைசிவரை வசூலிக்க முடியாமல் போன கதைதான் வால்டாக்ஸ் (மதில் வரி) ரோடு என்ற பெயர். பக்கத்து ஏழுகிணறு, 1772-இல் கோட்டைக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகத் தோண்டிய கிணறுகளால் பேர் பெற்றது. அந்த வளாகத்தை நான் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே ஏழுகிணற்றில், வீராசாமித் தெருவில், வள்ளலார் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1858-இல் சென்னையை விட்டுக் கிளம்பும்வரை அவர் இந்தத் தெருக்களில்தான் நடந்தார், கந்தகோட்டத்து முருகனைப் பாடினார். வடலூர் போகிறவர்களில் பாதிப்பேர் இந்த வீட்டுக்கு வந்ததில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

இரண்டு பக்கமும் பார்க்க இருக்கிறது, சாப்பிட இருக்கிறது. பிறகு எதை வைத்து முடிவெடுப்பது? நேரத்தை வைத்துத்தான். மயிலாப்பூர் காலையிலும் மாலையிலும் விழித்திருந்து நடுவில் தூங்கிவிடும். கோயில் நடை பகல் பன்னிரண்டு மணிவாக்கில் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். ராயர் மெஸ்ஸில் காலை டிபன் பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். வெளியூர்க்காரர் குளித்துக் கிளம்பி வருவதற்குள் கெட்டிச் சட்னி காலி. அப்புறம் கொளுத்தும் வெயிலில் நான்கு மணி நேரத்தை எங்கே ஓட்டுவது? சாந்தோம் ஒன்று இருக்கிறது, அதற்கும் ஒரு மணி நேரம் போதும். வயதானவரை வைத்துக்கொண்டு ஏதாவது ஏசி ஹோட்டலில் உட்கார வேண்டியதுதான்.

ஜார்ஜ் டவுனில் அந்த ஓட்டை விழுவதில்லை. காலை பத்தரைக்கு உயர்நீதிமன்ற மெட்ரோவில் இறங்கினால் தூண், கல்வெட்டு, நடை சாத்துவதற்குள் காளிகாம்பாள். கோயில்கள் மூடியிருக்கும் உச்சிவேளையில் ஆர்மீனியத் தேவாலயம் திறந்திருக்கும். அதுவும் மாலைவரை திறந்திருக்காது, மதியத்துக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். சவுகார்பேட்டை போஜனாலயாக்களில் சூடான புல்கா, நெய், பருப்பு என்று மதியச் சாப்பாடு. பிறகு ஆட்டோவில் மாடிப் பூங்கா, ஏழுகிணறு. வெயில் இறங்கும்போது கந்தகோட்டம் நடை திறந்திருக்கும். ஆபீஸ்கள் மூடும் நேரத்தில் அடுப்புகள் பற்றிக்கொள்ளும்.

பர்மா பஜார் பக்கம் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ சாப்பிடாமல் வரக் கூடாது. 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த நம் ஜனங்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. மஞ்சள் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே மொறுமொறுவென்று பொரித்த பேஜோவை நொறுக்கிப் போட்டு நீட்டுவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி உள்ளே வறுத்த வெங்காயத்தைத் திணித்துக் கொடுப்பதை ஒரே வாயில் போட வேண்டும். அங்கிருந்து என்.எஸ்.சி. போஸ் ரோடு சீனா பாய் கடை. கல்லில் ஊத்தப்பம் வேகும்போதே நெய்யும் பொடியும் தாராளமாக விழும். கடைசியாக மின்ட் தெருவில் காக்கடா ராம்பிரசாத் ஜிலேபி. ராத்திரி வரை நாள் எங்கேயும் அறுந்துபோகவில்லை.

குறையும் உண்டு. மூட்டை தூக்குபவர்களும் மீன்பாடி வண்டிகளும் முட்டிக்கொள்ளும் சந்துகளில் முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம். சுத்தமான கழிப்பறைக்கு அலைய வேண்டியிருக்கும். பெண்கள், குழந்தைகளோடு போனால் இதை முதலில் யோசியுங்கள். மழைக்காலத்தில் நான் அங்கே நாள் முழுக்கச் சுற்றியதில்லை, அதனால் அப்போது போகலாமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். மயிலாப்பூரில் இப்போது மெட்ரோ வேலையால் லஸ் பக்கம் சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது, அது முடிந்தால் என் கணக்கில் கொஞ்சம் மாறலாம்.

ஞாயிறு ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் பேசாமல் மயிலாப்பூர் போய்விடுங்கள், காலை ஏழு மணிக்கே. ஞாயிறன்று ஜார்ஜ் டவுனில் பாதிக் கடை மூடியிருக்கும். மற்ற நாள் எதுவானாலும் பத்தரை மணி, உயர்நீதிமன்ற மெட்ரோ. காலையில் வயிற்றை நிரப்பிக்கொண்டு மட்டும் வராதீர்கள்.