டிசைன் அலுவலகமா, ரியல் எஸ்டேட் நிறுவனமா?

கட்டிடக்கலை படித்து முடித்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது.

வருமானம்
டிசைன் அலுவலகம்: தொடக்கச் சம்பளம் குறைவு, ஏறுவதும் மெதுவாகத்தான்.
ரியல் எஸ்டேட்: பொதுவாகக் கூடுதல். திட்டம் நன்றாக விற்றால் ஊக்கத்தொகையும் உண்டு.

படைப்புச் சுதந்திரம்
டிசைன் அலுவலகம்: ஒரு படிக்கட்டின் திருப்பத்தில் வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்று பத்து முறை வரைந்து பார்க்கலாம். வடிவமைப்புப் போட்டிக்காக இரவெல்லாம் வரைந்தது காகிதத்தோடு நின்றுவிடும் வலியும் இங்கேதான்.
ரியல் எஸ்டேட்: விற்கக்கூடிய பரப்பளவுதான் முதல் கேள்வி. லாபியை ஓரடி உயர்த்தக் கேட்டால் செலவுக் கணக்கை நீட்டுவார்கள். ஆனால் எதை, யாருக்காகக் கட்டுவது என்று முடிவெடுக்கும் மேசையில் உங்களுக்கும் இடம் இருக்கும். இதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஜான் போர்ட்மன் கட்டிடக் கலைஞராகவும் ரியல் எஸ்டேட் டெவலப்பராகவும் இருந்தவர். 1967இல் திறக்கப்பட்ட அட்லாண்டா ஹயாத் ரீஜென்சி ஹோட்டலின் 22 மாடி உயர உள்முற்றம் அவர் வடிவமைத்தது.

கடன் கழுத்தை நெரித்தால் ரியல் எஸ்டேட்டுக்குத் தயங்காமல் போங்கள். சமாளிக்க முடியும் என்றால் முதல் சில வருடங்கள் டிசைன் அலுவலகம். அப்புறம் மாறிக்கொள்ளலாம், கை பழகிய பிறகு மாறுவது எளிது.