மூன்ஸ்டர்லாந்தின் நீர்க்கோட்டைகள்: ஒரே ஒரு நாள் இருந்தால் எதற்குப் போவது?

ஜெர்மன் கோட்டை என்றதும் மலையுச்சியும் கீழே ஒரு நதியும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். வடமேற்கு ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகரத்தைச் சுற்றியுள்ள மூன்ஸ்டர்லாந்து பெரும்பாலும் தட்டை நிலம். சோளக்கொல்லை, மேய்ச்சல் நிலம், நடுவில் ஓக் மரங்கள், தள்ளித் தள்ளிச் செங்கல் பண்ணை வீடுகள். எதிரி வந்தால் ஏறி நின்று பார்க்க ஒரு மேடு கிடையாது. அதனால் இங்கிருந்த பிரபுக்கள் சிற்றாறுகளைத் திருப்பிவிட்டு, தண்ணீரையே மதிலாக்கிக்கொண்டார்கள். அகழிக்கு இந்த ஊர்ப் பெயர் 'கிரேஃப்டே'. அப்படிக் கட்டிய கோட்டைகளையும் அரண்மனைகளையும் இணைத்துச் சுமார் 960 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதையே இருக்கிறது. நூறு அரண்மனைப் பாதை என்று பெயர்.

நூறையும் பார்க்க யாருக்கும் விடுமுறை இருக்காது. வருகிறவர்கள் பெரும்பாலும் நோர்ட்கிர்ஷன் அரண்மனையை மட்டும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. பத்து கிலோமீட்டர் தள்ளி, என் கணக்கில் அதைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது.

முதலில் நோர்ட்கிர்ஷனுக்கு உரிய பெருமையைச் சொல்லிவிடுகிறேன். மூன்ஸ்டரை ஆண்ட ஆயர் ஃப்ரீட்ரிஷ் கிறிஸ்டியான் ஃபொன் ப்ளெட்டன்பெர்க் 1703இல் தொடங்கிய கட்டடம் இது. அவர் 1706இல் இறந்துவிட, வேலை 1734 வரை நீண்டது. முதலில் பிக்டோரியுஸ், கடைசியில் யோஹான் கொன்ராட் ஷ்லவுன் எனக் கட்டடக் கலைஞர்கள் மாறினாலும், ஒரே மூச்சில் வரைந்ததுபோல இருக்கிறது. சிவந்த செங்கல், வெளிர் மணற்கல், இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒத்துப்போகும் சிறகுக் கட்டடங்கள். மூன்ஸ்டர்லாந்து அடங்கிய வெஸ்ட்ஃபாலியா வட்டாரத்தின் பெயரையும் பிரெஞ்சு மன்னர்களின் வெர்சாய் அரண்மனையையும் சேர்த்து, 'வெஸ்ட்ஃபாலியாவின் வெர்சாய்' என்று அழைப்பதில் மிகையில்லை. வடக்கே வீனஸ் தீவு என்ற தோட்டம். சின்னப் புதர் வேலிகளால் கோலம் போட்டதுபோல் வளைவு வளைவாக வடிவமைத்திருக்கிறார்கள். அது அரண்மனையின் காலத்தது அல்ல, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. நடந்துபோகும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆனால் ஒன்றை முன்பே தெரிந்துகொண்டு போங்கள். இந்த அரண்மனை இன்று மாநில அரசின் நிதித்துறைக் கல்லூரி. வருங்கால வரி அதிகாரிகள் இங்கேதான் படிக்கிறார்கள். பூங்காவும் முற்றமும் எல்லாருக்கும் திறந்தவை, கட்டணம் இல்லை. உள்ளே போக வழிகாட்டிச் சுற்றுலா நடக்கும் நேரத்தில்தான் முடியும். அதாவது, இது முக்கால்வாசி வெளியிலிருந்து பார்க்கும் இடம். தூரத்திலிருந்து பார்க்கும்போது அழகு கூடுகிறது, கிட்டே போகப் போகக் கதவுகள் மூடியிருக்கின்றன. இங்குள்ள தண்ணீரும் காவலுக்காக அல்ல. 1703இல் பீரங்கிக்கு முன்னால் அகழி என்ன செய்யும்? அரண்மனை தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி அது.

அப்புறம் நான் சொன்ன அந்த நல்ல இடம், ஃபிஷரிங் கோட்டை. லூடிங்ஹவுசன் ஊரின் ஓரத்தில் இருக்கிறது. 1271இல் மூன்ஸ்டர் ஆயர் இதைக் கட்டவைத்ததே ஒரு சண்டையில்தான். லூடிங்ஹவுசன் பிரபுக்கள் அடங்கவில்லை, அவர்களைக் கண்காணிக்க அவர்கள் வாசலிலேயே ஒரு கோட்டையை எழுப்பினார். அந்தப் பிரபுக்களின் கோட்டையும் சற்று நடந்தால் வந்துவிடும். இரண்டுக்கும் இடையே நடக்கும்போதுதான் பகை எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று புரியும்.

ஃபிஷரிங்கில் இரண்டு தீவுகள். பாலத்தைத் தாண்டினால் முதல் தீவு. பண்ணைக் கட்டடங்கள் அங்கே. இன்னொரு பாலம் தாண்டினால் வட்டமான மூலக்கோட்டை, தண்ணீரிலிருந்து நேராக எழும் சுவர். எதிரி இரண்டு முறை தண்ணீரைக் கடக்க வேண்டும், இரண்டு முறையும் மேலிருந்து அடி வாங்க வேண்டும். கோட்டை எப்படி வேலை செய்தது என்பதைப் பலகை எதையும் படிக்காமலே கால் சொல்லிவிடும். 1521இல் தீப்பிடித்து எரிந்தபின் பழைய வட்ட அடித்தளத்தின் மேலேயே மறுபடி கட்டினார்கள். அதனால் சுவர் போர்க்காலத்தது, சாளரங்கள் வசதிக்காலத்தவை. தண்ணீருக்கு மேல் துருத்தி நிற்கும் மணற்கல் சாளர மாடத்தைத் தவறவிடாதீர்கள்.

உள்ளே அருங்காட்சியகம். அங்கே ஓர் இரும்புக் கழுத்துப்பட்டை இருக்கிறது, நான் அதிக நேரம் நின்றது அதன் முன்தான். பக்கத்திலுள்ள காக்கெஸ்பெக் கோட்டைக்காரரான லம்பெர்ட் ஃபொன் ஓயரை, சொத்துத் தகராறில் பகைத்தவர்கள் 1520இல் வழிமறித்து, முட்கள் வைத்த இந்தப் பட்டையைக் கழுத்தில் பூட்டிவிட்டார்கள். திறக்க வழியில்லை. அவர் அப்படியே மூன்ஸ்டருக்குப் போய், ஒரு கொல்லர் பட்டறையில் கழுத்தோடு சேர்த்து அடித்து உடைக்கவைத்து உயிர் தப்பினார். ஒரு சம்மட்டி அடி தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! நோர்ட்கிர்ஷனின் பொன்முலாம் கூடங்கள் சொல்லாத மூன்ஸ்டர்லாந்தை இந்த ஒரு இரும்புத் துண்டு சொல்கிறது.

சரி, குழந்தைகளோடு போனால்? அதற்கும் ஃபிஷரிங்தான். பாலமும் வாத்தும் தடித்த சுவரும் போதும் அவர்களுக்கு. வயதான பெற்றோருக்கோ, படிக்கட்டு ஏற முடியாதவர்களுக்கோ நோர்ட்கிர்ஷனின் சமதளப் பூங்காதான் சுகம்.

கட்டடத்தைவிட மனிதர்கள் முக்கியம் என்பவர்களுக்கு மூன்றாவது தேர்வு, மூன்ஸ்டருக்கு மேற்கே உள்ள ஹ்யூல்ஸ்ஹோஃப் கோட்டையும் அதன் துணையான ரூஷ்ஹவுஸும். ஜெர்மன் மொழியின் பெரும் கவிஞர்களில் ஒருவரான அனெட்டே ஃபொன் ட்ரொஸ்டே-ஹ்யூல்ஸ்ஹோஃப் 1797இல் பிறந்தது ஹ்யூல்ஸ்ஹோஃபில். யூரோ வருவதற்கு முன் 20 மார்க் நோட்டில் இருந்த முகம் அவருடையது. அப்பா 1826இல் இறந்ததும் கோட்டை ஆண் வாரிசான தம்பிக்குப் போய்விட, அம்மாவோடும் சகோதரியோடும் அவர் ரூஷ்ஹவுஸுக்குக் குடிபெயர்ந்தார். ஷ்லவுன் 1740களில் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு அது. முன்பக்கம் வண்டி நுழையும் பெரிய கதவோடு அசல் பண்ணை வீடு, பின்பக்கம் தோட்டத்தைப் பார்த்த சிறு மாளிகை. அதற்குள் தாழ்வான கூரையுள்ள சின்ன அறைகளில்தான் அனெட்டே இருபது ஆண்டுகள் எழுதினார். அவற்றை 'நத்தைக் கூடு' என்று அழைத்தார். ஹ்யூல்ஸ்ஹோஃபின் அகலமான அகழியைப் பார்த்துவிட்டு இந்த அறைக்குள் நுழைந்தால், அந்தப் பெண் எதை இழந்தார், அந்தச் சின்ன இடத்தில் எதைப் பெற்றார் என்று மனம் தானாக அளக்கத் தொடங்கும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ரூஷ்ஹவுஸைத் தேர்ந்தெடுங்கள். திறந்திருக்கும் நாட்களை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, நெதர்லாந்து எல்லையோரம் உள்ள அன்ஹோல்ட். இன்னும் சால்ம்-சால்ம் இளவரசர் குடும்பத்தின் சொத்து. இரண்டாம் உலகப் போரில் பெரும் சேதமடைந்து மீண்டும் கட்டப்பட்டது. ரெம்பிராண்ட் 1634இல் வரைந்த டயானா ஓவியம் இங்கே இருக்கிறது. ஓவியம் பிடித்தவர்கள் கண்டிப்பாகப் போகலாம், ஆனால் அதற்கென்று ஒரு நாளை ஒதுக்க வேண்டும். மற்ற மூன்றோடு சேர்க்க முடியாத தூரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியின் நீர்க்கோட்டைகள் பல, சேற்று நிலத்தில் அடித்து இறக்கிய ஓக் மரத்தூண்கள் மேல் நிற்கின்றன. தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்த மரம் பல நூற்றாண்டு தாங்கும். நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் மக்கத் தொடங்கும். மழை பொய்த்த கோடையில் அகழி வற்றுவது இங்கே அடித்தளத்தின் பிரச்சினை. நுழைவுச்சீட்டுக்குக் கொடுக்கும் சில யூரோவை நான் யோசிக்காமல் கொடுப்பது அதனால்தான்.

போகும் வழி: டோர்ட்முண்டிலிருந்து என்ஷெடே போகும் வட்டார ரயில் லூடிங்ஹவுசனில் நிற்கும், நிலையம் ஊருக்குச் சற்று வெளியே. சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தால் நல்லது. ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு வருகிறவர்கள், மறுநாள் காரில் ஒரு மணி நேரத்துக்குள் இங்கே வந்துவிடலாம். திங்கட்கிழமை வேண்டாம், அருங்காட்சியகம் மூடியிருக்கும். காலையில் ஃபிஷரிங்கின் உள்ளே, மதியம் வயல்களுக்கு நடுவே போகும் சிறு பாதைகளில் சைக்கிள் மிதித்து நோர்ட்கிர்ஷன். மாலை வெயில் செங்கல்லில் விழும் நேரத்தில் வீனஸ் தீவுப் பக்கம் நின்றால், உள்ளே போக முடியாதது குறையாகத் தோன்றாது.