கிராபிக்ஸ் கார்டு ஃபேன் சத்தத்துக்குக் கடைக்குப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு ஃபேன் சத்தம் தாங்கவில்லை என்று சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள். இரண்டு ஃபேனையும் மாற்றிவிட்டதாகச் சொல்லி என்னிடம் 4,200 ரூபாய் வாங்கினார்கள். ஃபேனை மாற்றவே இல்லை. ஆனால் சத்தம் நின்றிருந்தது. அது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். ரொம்பச் சுலபமாக முடியும், அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், இரண்டு ஃபேன் வைத்த மாடல். 2020-ல் வாங்கியது, மூன்று வருட வாரண்டி முடிந்துவிட்டது. வீட்டிலிருந்தே குரல் பதிவும் வீடியோ எடிட்டிங்கும் செய்கிறேன், ஆகவே அறையில் சத்தம் என்பது எனக்குப் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது ஒன்றும் தெரியாது. வீடியோவை ரெண்டர் போட்டதும், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கச் சொன்னதும், வேகம் பிடிக்கும், பாதி வேகத்தைத் தாண்டிய உடனே கரகரவென்று ஆரம்பிக்கும். அந்தக் கரகரப்பு மைக்கில் அப்படியே ஏறிவிடும். சாஃப்ட்வேரில் அதை நீக்கப் போனால் குரலும் சேர்ந்து தகர டப்பாவுக்குள் பேசுவது மாதிரி ஆகிவிடுகிறது.

இந்தச் சத்தத்தின் காரணம் பெரிய மர்மம் இல்லை. கொஞ்சம் விலை குறைந்த கார்டுகளில் பெரும்பாலும் ஸ்லீவ் பேரிங் ஃபேன்தான் இருக்கும், அதாவது ஒரு சின்னக் குழாய்க்குள் எண்ணெய்ப் பசையில் சுற்றுகிற தண்டு. நிமிர்ந்த கேபினட்டில் கார்டு படுத்த வாக்கில் மாட்டப்பட்டிருப்பதால் ஃபேன் தரையைப் பார்த்துத் தொங்குகிறது, வருடக்கணக்கில் சூட்டிலும் தூசியிலும் அந்த எண்ணெய் வற்றிப்போக, தண்டு ஆட்டம் கண்டு உராய ஆரம்பிக்கிறது. ஃபேனை மாற்றினால் சரியாகிவிடும். ஃபேனின் பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும், அதைப் பார்த்து அதே அளவில் அதே இணைப்பு முனை (பின்) உள்ளதை வாங்கிப் போட வேண்டியதுதான். இதெல்லாம் தெரிந்துதான் போனேன். எனக்கு வேண்டியிருந்தது சரியான ஃபேனைத் தேடிப் பிடித்துச் சுத்தமாக மாட்டித் தரக்கூடிய ஒரு ஆள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் உள்சந்து ஒன்றில் மாடியில் இருக்கிற கடை அது. பெயரைச் சொல்லப்போவதில்லை, புகார் போயிருக்கிறது. கார்டை மட்டும் கழற்றி ஆன்டி-ஸ்டாட்டிக் கவரில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். பார்த்ததுமே கடைக்காரர், “மேடம், கார்டை மட்டும் வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, சிஸ்டத்தோட கொண்டு வாங்க, லோடு போட்டு, முழு வேலை குடுத்து டெஸ்ட் பண்ணணும்” என்றார். கார்டை மாட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் அவர் மேசையிலேயே இருந்தது. சரி, என் சிஸ்டத்தில் வைத்தே பார்க்கட்டும் என்று கேபினட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விண்டோஸ் பாஸ்வேர்டும் கேட்டார்கள். டெஸ்ட் பண்ணத் தனியாக ஒரு கணக்கு உருவாக்கிக் கொடுக்கிறேன் என்றதற்கு, “அட்மின் உரிமை இருக்கணும் மேடம், இல்லேன்னா ஒண்ணும் ஓடாது” என்றார். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முழு சிஸ்டம், அட்மின் உரிமை. எதற்காகக் கேட்டார் என்பது பிறகு தெரியும்.

மறுநாள் போன் வந்தது. இரண்டு ஃபேனும் போய்விட்டது, கம்பெனி ஃபேன் சென்னையில் கிடைக்காது, டெல்லியிலிருந்து வரவழைக்க வேண்டும், சிப்பின் சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்துவிட்டது, மொத்தம் 4,200. கூடவே இன்னொன்றும் சொன்னார்: “சிப்பும் வீக்கா இருக்கு மேடம், எப்ப வேணா போயிடும். இதைக் கொடுத்துட்டு மேல பணம் போட்டு ஒரு 3060 கார்டு எடுத்துக்குங்க, புதுசு மாதிரி இருக்கு.” ‘புதுசு மாதிரி’ என்று யாராவது சொன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். 2022 செப்டம்பர் 15-ல் இத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் மைனிங் முறையைக் கைவிட்டதும், அதுவரை அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன. அப்படி ஓடிய கார்டில் சிப் நன்றாகவே இருக்கலாம், ஆனால் ஃபேனின் பேரிங் தேய்ந்திருக்கும். ஒரு ஃபேன் சத்தத்துக்குப் போய் இன்னொரு ஃபேன் சத்தத்தை விலைக்கு வாங்கி வர எனக்கு விருப்பம் இல்லை. ஃபேனை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வாங்கப் போன அன்று கடையிலேயே ஆன் செய்து காட்டினார்கள். கீழே தெருவில் ஹாரன், பக்கத்துக் கடையில் ஸ்பீக்கர் டெஸ்டிங், இதற்கு நடுவில் ஃபேன் சத்தத்தை எங்கே கேட்பது? காதைக் கேபினட் பக்கம் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பழைய ஃபேன்களைக் கேட்டேன். “ஸ்க்ராப்ல போட்டாச்சு மேடம், அது எதுக்கு உங்களுக்கு?” பில் கேட்டேன். துண்டுச் சீட்டில் ‘ஜிபியு சர்வீஸ், 2 ஃபேன், பேஸ்ட்’ என்று எழுதி (ஜிபியு என்றால் கிராபிக்ஸ் கார்டுதான்), தொகையைப் போட்டு, கடை முத்திரை குத்திக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி எண் கிடையாது. பணத்தை யுபிஐ-யில்தான் அனுப்பினேன்.

வீட்டில் உண்மையாகவே அமைதி. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ரெண்டர் வழக்கத்தைவிட இழுக்க ஆரம்பித்தது, கேபினட்டின் மேல்பக்கம் கை வைத்தால் முன்பு இல்லாத சூடு. ஜிபியு-இஸட் என்ற சின்ன இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது, அதில் சென்சார் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி ரெண்டர் போட்டேன். வெப்பநிலை ஏற ஏற ஃபேன் வேகமும் ஏற வேண்டும், அதுதான் இயல்பு. இங்கே 60 டிகிரியில் ஃபேன் 38 சதவீதம், 70-லும் 38, 80-லும் அதே 38. அசையவே இல்லை. 83-ஐத் தொட்டதும் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்க ஆரம்பித்தது, வழக்கமாக 1,850 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நிற்கிற கிளாக் (சிப் இயங்கும் வேகம்) 1,500 பக்கம் இறங்கிவிட்டது. ரெண்டர் இழுத்த காரணம் அதுதான்.

விஷயம் இவ்வளவுதான். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்று ஒரு சாஃப்ட்வேர், இலவசம், எந்த கம்பெனி கார்டிலும் வேலை செய்யும். அதை என் சிஸ்டத்தில் போட்டு, ஃபேனை 38 சதவீதத்தில் பூட்டி, விண்டோஸ் தொடங்கும்போதே தானாக ஓடும்படி வைத்து, ஐகானைக் கீழ்ப்பட்டியில் தெரியாதபடி மறைத்திருந்தார்கள். கரகரப்பு பாதி வேகத்துக்கு மேல்தான் வரும், அந்த வேகத்துக்குப் போகவிடாமல் செய்துவிட்டால் சத்தம் ஏது? கடையின் டெஸ்ட் பெஞ்சில் கார்டை மட்டும் வைத்து இதைச் செய்ய முடியாது, என் சிஸ்டமும் அட்மின் உரிமையும் அதற்காகத்தான். ஆஃப்டர்பர்னரை நீக்கிவிட்டு ரெண்டர் போட்டேன். அதே கரகரப்பு, ஒரு குறையும் இல்லாமல் வந்தது.

இதில் என்னை மிகவும் கோபப்படுத்தியது பணம் இல்லை. ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்துவது தப்பான வேலையும் இல்லை, நானே என் தோழிக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன், ஆனால் கார்டின் சூட்டையும் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும். சூடு எங்கே போகிறது என்பதைப் பற்றிக் கவலையே இல்லாமல், மே மாத வெயிலில், ஏசி இல்லாத அறையில் ஒரு கார்டை மூச்சடைக்க விட்டு, அதை ரிப்பேர் என்று சொல்லிப் பணம் வாங்குவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? சத்தம் என்பது கார்டு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள எடுக்கும் முயற்சி, அதன் வாயைப் பொத்திவிட்டு உடம்பு குணமாகிவிட்டது என்கிறார்கள்.

அதே தெருவில், தெரிந்தவர் சொல்லி, இன்னொரு டெக்னீஷியனிடம் போனேன். வயதானவர், சின்ன இடம், அவரும் ஒரு உதவியாளரும் மட்டும். கார்டை என் கண் முன்னாலேயே பிரித்தார். என்னிடம் கடைக்குக் கொடுப்பதற்கு முன் எடுத்த போட்டோ இருந்தது, சீரியல் நம்பருக்காக எடுத்தது, அதில் இடது ஃபேனின் நடு ஸ்டிக்கரில் ஓரம் கிழிந்திருப்பது தெளிவாகத் தெரியும். இப்போதும் அதே ஸ்டிக்கர், அதே கிழிசல். பின்பக்கம் பேரிங்கில் எண்ணெய் விட்டு, அது வழிந்து, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடுகளுக்கு இடையில் இறங்கித் தூசியோடு கலந்து கருப்பாகப் பிசுபிசுவென்று அப்பியிருந்தது. ‘டெல்லியிலிருந்து வந்த ஃபேன்’ இதுதான்.

அதைவிட மோசமானது அடியில் இருந்தது. 1660 சூப்பரில் 6 ஜிபி மெமரி ஆறு சில்லுகளாக, நடுவில் உள்ள முக்கியச் சிப்பைச் சுற்றி இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டை) ஒட்டி, அது ஹீட் சிங்க்கோடு அழுந்தியிருக்க வேண்டும். அவர் டார்ச் அடித்துக் காட்டினார்: நான்கு பேடில் சில்லின் சதுர வடிவம் அச்சாகப் பதிந்திருந்தது. ஒன்றில் பேடே இல்லை, பிரிக்கும்போது கிழிந்து போனதைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். இன்னொன்றில் கிழிந்த துண்டை மடித்து வைத்திருந்தார்கள், அதில் அச்சு பாதிதான் இருந்தது. “அச்சு விழலேன்னா தொடலேன்னு அர்த்தம்மா, அந்த மெமரி சும்மா வெந்துக்கிட்டு இருந்திருக்கு” என்றார். இந்த மாடலில் மெமரியின் சூட்டைக் காட்ட சென்சாரே கிடையாது, எந்த சாஃப்ட்வேரிலும் பார்க்க முடியாது. கார்டு ஒரு நாள் திரையில் கோடு கோடாகக் காட்டி நின்றுபோன பிறகுதான் தெரிய வந்திருக்கும். அப்போது அதே கடைக்காரர், சிப் வீக் என்று அன்றே சொன்னேனே என்று சொல்லியிருப்பார்.

இரண்டு ஃபேன், ஆறு பேடும் புதிதாக, பேஸ்ட், கூலி எல்லாம் சேர்த்து அவர் வாங்கியது 1,900 ரூபாய். பேடின் தடிமனைப் பழையதோடு அளந்து பார்த்துத்தான் வெட்டினார், ஏனென்றால் அரை மில்லிமீட்டர் கூடிப்போனாலும் ஹீட் சிங்க் தூக்கிக்கொண்டு நடுச் சிப்பில் சரியாக உட்காராது, குறைந்துபோனால் மெமரியைத் தொடாது. இப்போது முழு லோடில் 68, 69 டிகிரி, ஃபேன் வேகம் ஏறுகிறது இறங்குகிறது, ‘ஸ்ஸ்’ என்று காற்று போகும் சத்தம் மட்டும்தான்.

நீங்கள் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் சத்தம் ஃபேனுடையதுதானா என்று வீட்டிலேயே பாருங்கள். ஆஃப்டர்பர்னரில் ஃபேனைக் கையால் 30, 50, 70 என்று ஏற்றிப் பாருங்கள், சத்தம் அதோடு ஏறி இறங்கினால் ஃபேன். ஃபேன் வேகம் மாறாமல் இருக்கும்போதே, கேமின் மெனு திரையில் மட்டும் கீச்சென்று மெல்லிய விசில் வருகிறதென்றால் அது காயில் (coil) சத்தம், அதாவது கார்டில் உள்ள கம்பிச்சுருள் அதிர்வது, ஃபேனை மாற்றினால் போகாது, வினாடிக்கு வரும் ஃபிரேம் அளவை 60 அல்லது 75-க்குக் கட்டுப்படுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கு ஃபேன் மாற்றக் காசு கேட்பவரிடம் கார்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தூசி மட்டும்தான் என்றால் ஊதிவிடுங்கள், ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தாறுமாறான வேகத்தில் சுற்றி பேரிங் கெடும். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ஃபேன் ஸ்டிக்கர், சீரியல் நம்பர், ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள், ஃபேனின் உள்பக்கம் மார்க்கரில் ஒரு புள்ளி வையுங்கள், பழைய பாகம் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். வாங்கும்போது அமைதியாக இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. லோடு போடச் சொல்லி, வெப்பநிலையும் ஃபேன் வேகமும் சேர்ந்து ஏறுகிறதா என்று அங்கேயே திரையில் பாருங்கள், பத்து நிமிட வேலை. செய்து காட்ட மறுத்தால் பணம் கொடுக்காதீர்கள்.

பில் விஷயமும் முக்கியம். செய்த வேலைக்குப் பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைதான். துண்டுச் சீட்டாக இருந்தாலும் வாங்கி வையுங்கள், பணத்தை யுபிஐ-யில் கொடுங்கள், அந்தப் பதிவும் ஆதாரம்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம், அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

நான் 1915-ல் புகார் கொடுத்துவிட்டேன், போட்டோக்கள், சீட்டு, ஜிபியு-இஸட் பதிவு எல்லாம் இணைத்து. கடையிலிருந்து போன் வந்தது, பாதிப் பணம் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். 4,200-ம், புது பேடுக்கு ஆன செலவும் சேர்த்து முழுதாக வந்தால்தான் பேச்சு என்று சொல்லியிருக்கிறேன். பழைய ஃபேன் இரண்டும், கிழிந்த பேடும் ஒரு கவரில் தேதி எழுதி வைத்திருக்கிறேன், ஆணையம் வரை போக வேண்டியிருந்தால் அதுவும் கூட வரும்.