பீவி: கம்பெனி இறங்குது, பழைய கிட்டார் ஏறுது

1965-ல அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலம் மெரிடியன்ல ஆரம்பிச்ச கிட்டார், ஆம்ப் (கிட்டார் சத்தத்தப் பெருக்குற ஆம்ப்ளிஃபயர்) கம்பெனி, ஒரு காலத்துல கையில காசு கம்மியான பேண்ட் பசங்கன்னா பீவி ஆம்ப்தான், அப்புறம் தயாரிப்பு நிறைய சீனாவுக்குப் போச்சு, 1992-ல ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனோட சேர்ந்து கொண்டுவந்த 5150 ஆம்போட பேரும் 2004-ல அவர் விலகினப்போ அவரோடவே போயிடுச்சு, இப்ப அதையே 6505-னு விக்கிறாங்க.

ஆனா 1978-ல வந்த டி-60 கிட்டார் இருக்கே, அது வேற லெவல். டோன் குமிழை முழுசா ஏத்தினா சிங்கிள் காயில் (கம்பியோட அதிர்வப் பிடிக்கிற காயில் ஒண்ணு மட்டும்), கொஞ்சம் இறக்கினா அடுத்த காயிலும் சேர்ந்து ஹம்பக்கர் (இரைச்சலக் குறைக்கிற ரெட்டைக் காயில்) ஆயிடும், தனி சுவிட்ச்சே கிடையாது. வெயிட்தான் கொடுமை, தோள்பட்டை கழண்டுடும். முன்னாடி சீந்த ஆளில்லாம கிடந்தத இப்ப தேடித்தேடி வாங்குறாங்க.

பேண்டிட் 112 ஆம்ப் அப்படி இல்ல, இன்னும் அடிமாட்டு விலைதான். விக்கிறவனுக்கு வயித்தெரிச்சல், வாங்குறவனுக்கு யோகம், அடிச்சுப் போட்டாலும் சாகாது. பழசு வாங்கும்போது வால்யூம் குமிழைத் திருப்பிப் பாருங்க, கரகரன்னு சத்தம் வந்தா பெரும்பாலும் தூசிதான், கான்டாக்ட் கிளீனர் (எலக்ட்ரிக் பாகங்கள சுத்தம் பண்ற ஸ்ப்ரே) அடிச்சா சரியாயிடும், ஆனா அத வெளிய சொல்லாம விலைய குறைங்க 😄