பேனிக் அட்டாக்குக்குச் சிபிடி சிகிச்சை: முழுச் சுற்றும் முடித்தவளின் மதிப்பீடு

பேனிக் அட்டாக்குக்குச் சிபிடி என்கிற பேச்சு சிகிச்சைக்குப் போகலாமா, அங்கே உட்கார வைத்து என்னதான் செய்வார்கள் என்று என்னிடம் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒரு சுற்றை முழுதாக முடித்திருக்கிறேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகப் போகலாம். ஆனால் படபடப்பை மட்டும் பார்த்து அனுப்பிவிடும் இடமாக இருக்கக் கூடாது. மனச்சோர்வு இருக்கிறதா என்று முதல் நாளே கேட்கிற இடமாக இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்த நிவாரணத்தில் பாதி அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

நான் கணக்கு ஆசிரியை. எனக்கு அட்டாக் வருவது பெரும்பாலும் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். மூச்சு மேல்மூச்சாக வாங்கும். விரல்நுனி மரத்துச் சாக்பீஸைப் பிடித்திருப்பதே தெரியாது. எழுதிய எண்கள் யாரோ எழுதியவை போலத் தூரமாகத் தெரியும். செத்துவிடுவேன் என்று அந்த நேரத்தில் உறுதியாகத் தோன்றும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கிவிடும். இறங்கியபின் உடம்பில் ஒரு துளி சக்தி இருக்காது.

முதல் தடவை நெஞ்சுவலியோடு வந்தால் நேராக மனநல ஆலோசனைக்கு ஓடக் கூடாது, பொது மருத்துவரிடம்தான் போக வேண்டும். இதயம், தைராய்டு, இரத்தசோகை மூன்றையும் பார்த்துவிட வேண்டும், மூன்றுமே இதே மாதிரி படபடப்பைக் கொடுக்கும். எனக்கு இசிஜி, இரத்தப் பரிசோதனை எல்லாமே சரியாக இருந்தன. "ஒண்ணும் இல்லம்மா, சும்மா டென்ஷன்" என்று சொல்லி, படபடக்கும்போது போட்டுக்கொள்ள ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் 'ஒண்ணும் இல்லை' என்ற பதில் ஒரு நோயாளியை எவ்வளவு தனிமைப்படுத்தும் என்பதை அங்கே யாராவது யோசித்திருக்கலாம். ஒன்றும் இல்லையென்றால் எனக்கு நடப்பது என்ன?

அதற்குப் பதில் கிடைத்தது சிகிச்சைக்குப் போன இடத்தில். மனநல மருத்துவர் ஒருவர், உளவியலாளர் ஒருவர், இருவரும் ஒரே கூரையின் கீழ். முதல் அமர்வில் உளவியலாளர் இரண்டு படிவங்களை நீட்டினார். ஒன்று பேனிக் எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று அளக்கும் 7 கேள்விகள் கொண்டது. மற்றது மனச்சோர்வை அளக்கும் 9 கேள்விகள் கொண்ட பிஎச்கியூ-9. "மேடம், எனக்குப் பயம்தான் பிரச்சினை, சோகம் எல்லாம் கிடையாது" என்றேன். "சரி, எழுதித்தான் பாருங்களேன்" என்றார்.

கடந்த 2 வாரங்களில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்தீர்களா, தூக்கம் எப்படி, சோர்வு எப்படி, உங்களையோ குடும்பத்தையோ ஏமாற்றிவிட்டதாகத் தோன்றியதா என்று வரிசையாகக் கேட்டது அந்தப் படிவம். எழுத எழுதக் கை மெதுவானது. ஒன்பதாவது கேள்வி, இறந்துபோனால் நன்றாக இருக்கும் என்ற எண்ணம் வந்ததா என்பது. நான் போட்ட பதிலைப் பார்த்து அவர் முகம் மாறவில்லை, பேச்சையும் மாற்றவில்லை. எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும், ஏதாவது செய்துகொள்ள நினைத்தீர்களா என்று நேராகக் கேட்டார். அப்படி வந்தால் யாரை அழைப்பேன் என்பதை அப்போதே ஒரு தாளில் எழுத வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா அழுதுவிட்டாள். எனக்கென்னவோ பாரம் இறங்கினாற்போல இருந்தது. பேனிக்கும் மனச்சோர்வும் சேர்ந்திருப்பவர்களுக்குத் தற்கொலை எண்ணம் வரும் அபாயம் கூடுதல். இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்கும் சிகிச்சையாளருக்கு நான் ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்கமாட்டேன்.

இரண்டும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதை அவர் என் வாழ்க்கையை வைத்தே காட்டினார். அட்டாக் வந்த இடத்துக்கு மறுபடி போகப் பயம் வருகிறது. முதலில் ஆறாம் மாடி லிஃப்டை விட்டேன், பிறகு கூட்டங்களை, பிறகு தோழிகளை. ஒவ்வொன்றை விடும்போதும் அந்த நிமிடத்துக்கு நிம்மதி, அதனால் அடுத்ததை விடுவது சுலபமாகிறது. போகப்போக நாளில் சந்தோஷம் தரக்கூடியது எதுவுமே மிஞ்சவில்லை. மனச்சோர்வு நுழைய இதைவிட அகலமான வாசல் வேண்டாம். எதிர்த்திசையிலும் வழி இருக்கிறது. மனச்சோர்வு தூக்கத்தைக் கெடுக்கிறது, மனம் ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அரைக்கிறது. களைத்த உடம்பில் சின்னப் படபடப்புகூடப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது. இதற்கடியில் பரம்பரையும் உண்டு, மூளையில் செரட்டோனின், நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருள்கள் சம்பந்தப்பட்ட பாதைகளும் உண்டு. ஒரே வகை மருந்து இரண்டுக்கும் உதவுவது அதனால்தான் ஆச்சரியமில்லை.

பேனிக் டிசார்டர் என்ற தனிப் பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1980இல்தான் வந்தது. அதே கையேட்டின் 2013 பதிப்பு, பேனிக் அட்டாக் மனச்சோர்வு உட்பட எந்த மனநலப் பிரச்சினையோடும் சேர்ந்து வரலாம், அப்படி வந்தால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள் என்கிறது. அதாவது அட்டாக் வருகிற எல்லாருக்கும் பேனிக் டிசார்டர் இருப்பதாக அர்த்தமில்லை. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்போது வருமோ என்ற பயமோ அதற்காக வாழ்க்கையை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். எனக்கு இரண்டுமே இருந்தன.

சிகிச்சையின் நடுப்பகுதிதான் இதன் உயிர். எல்லாரும் நினைப்பது போல அமைதியாகக் கண்ணை மூடச் சொல்லவில்லை. அதற்கு நேர்மாறு: அட்டாக்கின்போது வரும் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைக்கச் சொன்னார். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் ஏதாவது உண்டா என்று முன்கூட்டியே கேட்டு, மருத்துவரின் சம்மதத்தையும் வாங்கிவிட்டுத்தான் ஆரம்பித்தார். இதைக் கேட்காமல் ஆரம்பிக்கிறவரிடம் செய்துகொள்ளாதீர்கள்.

ஒரு மெல்லிய ஸ்ட்ராவைக் கொடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு அதன் வழியாக மட்டும் மூச்சு விடச் சொன்னார். கொஞ்ச நேரத்திலேயே மார்பு இறுகியது, கண்ணில் நீர் வந்துவிட்டது. எடுத்துவிட்டுத் தாளில் இரண்டு கட்டங்களை நிரப்ப வேண்டும்: என்ன நடக்கும் என்று பயந்தேன், என்ன நடந்தது. பிறகு அவருடைய சுழல் நாற்காலியில் என்னை உட்காரவைத்துச் சுற்றினார். அறை முழுக்க ஓடியது. நிறுத்தியதும் என் கை தானாக மேசை விளிம்பைப் பிடித்தது. "அந்தக் கையை எடுங்க" என்றார் மென்மையாக. எடுத்தேன். விழவில்லை. மேசையைப் பிடிப்பது, தண்ணீர் பாட்டிலை விடாமல் வைத்திருப்பது, பையில் மாத்திரை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது எல்லாம் பாதுகாப்பு நடத்தைகள். 'இதைப் பிடித்ததால்தான் பிழைத்தேன்' என்று மூளை கணக்கு வைத்துக்கொள்வதால் பயம் அப்படியே இருந்துவிடுகிறது. மாணவர்களிடம் சூத்திரம் தெரிந்தால் போதாது, கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்று நான் சொல்வேன். இங்கேயும் அதேதான். அட்டாக்கில் சாகமாட்டேன் என்று எனக்கு எப்போதோ தெரியும், ஆனால் அந்த நாற்காலியில் மேசையை விட்ட பிறகுதான் உடம்பு அதை நம்பியது.

இதற்கு அடிப்படையான கருத்தை டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986இல் எழுதினார்: உடம்பின் சாதாரண உணர்வுகளைப் பேராபத்து என்று தவறாகப் படிப்பதுதான் பேனிக்கைச் சுழலவைக்கிறது. இதயம் வேகமாக அடித்தால் மாரடைப்பு, தலை சுற்றினால் மயக்கம் என்று எண்ணம் ஓடும். அந்த எண்ணம் பயத்தைக் கூட்டும், பயம் இதயத்தை இன்னும் அடிக்கவைக்கும். வேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. தலைச்சுற்றல் அதனால்தான். விரல் மரத்துப்போவதும் அந்தக் கார்பன் டை ஆக்சைடு குறைவதால்தான். மயங்கி விழ இரத்த அழுத்தம் சரிய வேண்டும், அட்டாக்கிலோ பொதுவாக அது ஏறத்தான் செய்கிறது. இந்த ஒரு தகவலே எனக்கு லிஃப்டுக்குள் கால் வைக்கத் தைரியம் தந்தது.

மனச்சோர்வுக்கான பகுதி இந்த அளவுக்குப் பரபரப்பாக இருக்காது, பலர் அதைச் சீக்கிரம் விட்டுவிடுவதாக அவரே சொன்னார். விடாதீர்கள். மனசு வரட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்ன வேலைகளை நேரம் குறித்துச் செய்ய வேண்டும். செய்தபின் எவ்வளவு பிடித்தது, எவ்வளவு சாதித்ததாகத் தோன்றியது என்று மதிப்பெண் போட வேண்டும். பாடத்துக்கு வெளியே வடிவியல் புதிர்களை வரைந்து பார்ப்பது என் பழைய பொழுதுபோக்கு, எப்போதோ நின்றுபோயிருந்தது. வாரத்துக்கு ஒன்று வரையச் சொன்னார். முதலில் பிடித்ததற்கு நான் போட்ட மதிப்பெண் பூஜ்யம். அதையும் மதித்து எழுதி வைத்துக்கொண்டார், 'உற்சாகமாக இருங்கள்' என்று சொல்லவில்லை. ஒரு நாள் வட்டத்துக்குள் ஒரு நாற்கரத்தை வரைந்துகொண்டிருந்தபோது அக்கா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை. அந்த வாரம் மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டேன்.

மருந்து பற்றியும் சொல்ல வேண்டும். மனநல மருத்துவர் எஸ்எஸ்ஆர்ஐ என்ற, செரட்டோனின் பாதையில் வேலை செய்யும் வகை மருந்தை, வழக்கமான அளவைவிடக் குறைத்தே தொடங்கினார். பேனிக் உள்ளவர்களுக்கு முதல் சில நாட்களில் படபடப்பு கூடக்கூடும், பலன் தெரிய 2 முதல் 6 வாரங்கள் ஆகலாம் என்று முன்னதாகவே சொன்னார். சொல்லியிருக்காவிட்டால் முதல் வாரத்திலேயே நிறுத்தியிருப்பேன். பழைய இடத்தில் எழுதிக் கொடுத்த மாத்திரை பென்சோடயசபைன் வகை. உடனே அடக்கும், ஆனால் பழக்கமாகிவிடும். பேனிக் டிசார்டருக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்றே எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று மருத்துவர்களுக்குச் சொல்லும் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்த வேண்டாம், அது ஆபத்து. மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

மருந்தா பேச்சா என்று கேட்கிறவர்களுக்கு: டேவிட் பார்லோ என்ற உளவியலாளரின் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வில் சிபிடியும் இமிப்ரமின் என்ற பழைய வகை மனச்சோர்வு மருந்தும், தனித்தனியாகக் கொடுத்தாலும், போலி மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன. சிகிச்சையை நிறுத்தியபின் பலன் நிலைத்ததில் சிபிடியின் பக்கம் கை ஓங்கியிருந்தது. மனச்சோர்வு கடுமையாக இருந்தால் இரண்டையும் சேர்ப்பது நல்லது என்று என் மருத்துவர் சொன்னார், நானும் அப்படியே செய்தேன்.

குறைகளும் உண்டு. மருத்துவரும் உளவியலாளரும் ஒரே கட்டடத்தில் இருந்தும் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்ததாகத் தெரியவில்லை. அதே கதையை இருவரிடமும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. எழுந்திருக்கவே முடியாத காலையில் கதையைத் திருப்பிச் சொல்வது சின்ன விஷயமில்லை. எழுத்து வேலை மிக அதிகம், மனச்சோர்வில் இருப்பவருக்கு முதல் வாரங்களில் பாதி போதும். குடும்பத்தாருக்கு ஒரே ஒரு அமர்வுதான் வைத்தார்கள், அதுவும் அவசரமாக முடிந்தது. அட்டாக்கின்போது பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்று அக்காவுக்கு இன்னும் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். முதுகைத் தடவி "பயப்படாதே, பயப்படாதே" என்று அவள் நூறு முறை சொல்வது அன்புதான், ஆனால் அது இன்னொரு மேசை விளிம்பாகிவிடுகிறது.

அமர்வுகளோடு ஒரு மூச்சுப்பயிற்சிச் செயலியையும் கொடுத்தார்கள். குரல் இதமாக இருக்கும், தூங்கப் போகும் முன் நல்லது. அட்டாக் வரும்போதெல்லாம் அதைத் திறக்க ஆரம்பித்தால் அதுவும் பாதுகாப்பு நடத்தையாகிவிடும். அதைச் செயலியே எங்காவது சொல்லியிருக்க வேண்டும்.

சேர்வதற்கு முன் அங்கே மூன்று விஷயங்களைக் கேளுங்கள். உடம்பு உணர்வுகளை வரவழைக்கும் பயிற்சி உண்டா, வெறும் பேச்சு மட்டும்தானா? மனச்சோர்வை எப்படி அளக்கிறீர்கள், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை? இடையில் தாங்க முடியாமல் போனால் யாரை அழைக்க வேண்டும்? நைஸ் வழிகாட்டுதல் பேனிக்குக்குச் சொல்வது மொத்தம் 7 முதல் 14 மணி நேர சிபிடி. மனச்சோர்வும் இருந்தால் கூடுதலாகப் பிடிக்கும், எனக்கும் பிடித்தது.

இப்போதும் அட்டாக் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. வந்தால் எழுதிக்கொண்டிருக்கும் கணக்கை முடித்துவிட்டுத்தான் திரும்புகிறேன். பிஎச்கியூ-9 மதிப்பெண் இரண்டு இலக்கத்திலிருந்து ஒரு இலக்கத்துக்கு வந்திருக்கிறது, ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம். மருந்து இன்னும் தொடர்கிறது, குறைப்பது பற்றி அடுத்த சந்திப்பில் பேசலாம் என்றிருக்கிறார் மருத்துவர். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். இருவரும் ஒரே கோப்பைப் படித்திருந்தால் ஐந்து கொடுத்திருப்பேன்.