பிக்கப்புக்கு 265/70 ஆர்17 டயர்: எட்டு மாத அனுபவம்

என் பிக்கப்புடன் வந்த 265/65 ஆர்17 டயர்களின் பட்டன் தேய்ந்துவிட்டதால், ஒரு படி உயரமான 265/70 ஆர்17 அளவில், பாரம் ஏற்றும் வண்டிகளுக்கான எல்.டி. வகை டயர்கள் நான்கை மாட்டி எட்டு மாதங்களாக ஓட்டி வருகிறேன். டயரின் தரத்தில் எனக்குக் குறையேதும் இல்லை. அளவைத் தேர்ந்தெடுத்தபோது நான் யோசிக்காமல் விட்ட சில விஷயங்கள்தான் பின்னால் வேலை வைத்தன.

265 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம்; 70 என்பது டயரின் பக்கச்சுவரான சைடுவாலின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது; 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். அகலம் மாறாததால் பழைய ரிம்மே போதுமானதாக இருந்தது. மொத்த விட்டம் மட்டும் சுமார் 776 மி.மீட்டரிலிருந்து 803 மி.மீட்டராகக் கூடியது, அதில் பாதி, அதாவது 13 மி.மீ. அளவுக்குத்தான் வண்டி உயர்ந்தது. முன்பு மீட்டர் 100 காட்டியபோது ஓடிய வேகத்தைவிட இப்போது அதே 100-இல் ஏறத்தாழ மூன்றரை சதவீதம் அதிக வேகத்தில் வண்டி ஓடுகிறது என்பதை மனத்தில் வைத்தே ஓட்டுகிறேன். பாரத்தோடு கிளம்பும்போது இழுவை சற்று மந்தமாகியிருப்பதும் உண்மை.

என்னை மிகவும் கவலைப்பட வைத்தது காற்றழுத்தம். டயரை மாட்டிய கடையில், ஓட்டுநர் கதவருகே உள்ள ஸ்டிக்கரைப் பார்த்து அதே அளவுக்குக் காற்றடித்து அனுப்பிவிட்டார்கள். முதல் முறை முழுப் பாரத்தோடு நெடுந்தூரம் போய் நிறுத்தியபோது, பின் டயரின் தோள்பகுதியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன்; வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. அந்த ஸ்டிக்கர் எழுதப்பட்டது பழைய சாதாரண டயருக்கு. என் புதிய டயரில் உள்ள 121 என்ற சுமை எண் 1450 கிலோவைக் குறித்தாலும், 80 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால்தான் அந்தத் திறன் முழுமையாகக் கிடைக்கும்; பழைய டயரின் 112 என்ற எண்ணுக்குரிய 1120 கிலோவைத் தாங்கவே, இதற்கு ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் கூடுதல் காற்று வேண்டும். தயாரிப்பாளரின் சுமை அட்டவணையைப் பார்த்து அழுத்தத்தைக் கூட்டிய பிறகு அந்தச் சூடு இல்லை; பாரம் இல்லாதபோது வண்டி கொஞ்சம் தூக்கிப் போடுகிறது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துப் பின்னால் எடுக்கும்போது மட்கார்டின் உட்புற பிளாஸ்டிக்கில் டயர் லேசாக உரசியது. டார்ச் அடித்துப் பார்த்தபோது விரல் நீளத்துக்குப் பளபளப்பாக ஒரு தேய்ந்த தடம் தெரிந்தது. அந்த இடத்தைப் பின்னுக்கு இழுத்துக் கட்டியதோடு சரியாகிவிட்டது. ஆகவே, வாங்குவதற்கு முன்பே ஒரு டயரை மட்டும் மாட்டி, இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்க்கும்படி கேளுங்கள்.

ஸ்டெப்னியை நான் மறந்தே போனேன். பழைய அளவிலேயே இருந்த அது, ஒரு சுற்றுக்குப் புதிய டயரைவிட 83 மி.மீ. குறைவாகவே உருளும்; அதைப் பின் அச்சில் மாட்டினால், இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கும், நாலு சக்கர இழுவையையும் போட முடியாது. இரண்டாம் மாதமே ஐந்தாவது டயரையும் இதே அளவில் வாங்கி, வண்டிக்கு அடியில் உள்ள தாங்கியில் அடங்குகிறதா என்று பார்த்துப் பொருத்திக்கொண்டேன்.

பாரமும் கரடுமுரடான பாதையும் அன்றாடம் உள்ளவர்களுக்கு இந்த அளவை நம்பிப் பரிந்துரைப்பேன். தார்ச்சாலையில் வெறும் வண்டியாக ஓட்டுபவர்கள், ஸ்டிக்கரில் உள்ள அளவையும் அதற்குக் குறையாத சுமை எண்ணையும் கேட்டு வாங்கினால் போதும்.