பாறை முகட்டில் ஏறுவதா, இறங்குவதா? வளையப் பாதைக்குத் திசை தேர்வது

வரைபடத்தில் ஒரு மலைச்சுற்றை விரலால் தொட்டுப் பார்த்தால் இரண்டு திசையும் ஒன்றுபோலத்தான் தெரியும். தூரம் அதே, மொத்த ஏற்றம் அதே, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிறோம். நடுவில் கை ஊன்றி ஏற வேண்டிய பாறை முகடு ஒன்று வந்துவிட்டால் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. ஒரு பக்கமாகப் போனால் அந்தப் பாறையில் இரண்டாவது மணி நேரத்தில் ஏறுகிறோம். மறுபக்கமாகப் போனால் கால் தளர்ந்த நேரத்தில் அதே பாறையில் இறங்குகிறோம். திட்டமிடுகிறவர்கள் காலணிக்கும் பைக்கும் செலவிடும் யோசனையில் பாதியையாவது திசைக்குக் கொடுக்க வேண்டும்.

இங்கே பேசுவது ஸ்க்ராம்பிளிங் எனப்படும் வகை: நடையைத் தாண்டியது, கயிறு கட்டிய பாறையேற்றத்தை எட்டாதது. அமெரிக்கத் தரவரிசையில் 3-ஆம் வகுப்பு, பிரிட்டிஷ் வரிசையில் பெரும்பாலும் 1-ஆம் தரம். தரம் சிறியது என்பதால் விழுந்தால் அடி சிறியது என்று அர்த்தமில்லை. பிடிகள் பெரிதாக இருக்கும், பக்கத்தில் பள்ளமும் பெரிதாக இருக்கும்.

ஏறுவதும் இறங்குவதும் ஏன் சமமில்லை

ஏறும்போது அடுத்த கைப்பிடி முகத்துக்கு நேரே இருக்கிறது. கண்ணால் பார்த்து, விரலால் தட்டி, கீழ்நோக்கி இழுத்துப் பார்த்துவிட்டு எடையைக் கொடுக்கலாம். தட்டும்போது பொள்ளல் சத்தம் வந்தால் அந்தக் கல் மலையோடு ஒட்டியிருக்கவில்லை. இறங்கும்போது முதலில் தேடுவது கால். அது கண்ணுக்கு ஒன்றரை மீட்டர் கீழே, பெரும்பாலும் உங்கள் முழங்காலும் பையும் மறைக்கிற இடத்தில் இருக்கிறது. மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து இறங்கினால் பையின் அடிப்பகுதி பாறையில் இடித்து உடலை வெளியே தள்ளும். அனுபவமில்லாதவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சரிவு செங்குத்தாகும் கணத்திலேயே பாறையைப் பார்த்துத் திரும்பிவிட வேண்டும். இடுப்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு கால்களுக்கு நடுவே பார்த்து, அடுத்த கால்பிடி எது என்று முடிவு செய்த பிறகே ஒரு காலை எடுக்க வேண்டும். இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் பாறையில் இருக்க வேண்டும்.

இதோடு சோர்வும் சேர்கிறது. பல மணி நேரம் நடந்த தொடைத் தசை, இறக்கத்தில் உடல் எடையை மெல்லத் தாங்கிவிடும் கட்டுப்பாட்டைத்தான் முதலில் இழக்கிறது. கால் நடுங்கத் தொடங்கும் அந்த நேரத்தில் பாறை இறக்கம் வருவது போல ஒரு பாதையை அமைப்பது மோசமான திட்டம்.

திரும்புவதற்கு என்ன விலை?

எங்கள் தீர்ப்பு இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளையம் 14 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 1100 மீட்டர். கிளம்பும் இடத்திலிருந்து பாறையடி வரை 5 கிலோமீட்டர், 500 மீட்டர் ஏற்றம். பாறை முகடு 800 மீட்டர் நீளம், 250 மீட்டர் உயரம். மீதம் 8.2 கிலோமீட்டர்.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் அடிப்படைக் கணக்குக்கு உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி முழுச் சுற்றுக்கு 4 மணி 38 நிமிடம். ஆனால் இந்த விதி பாறையை அறியாது. முகட்டுக்கு அது கொடுப்பது சுமார் 35 நிமிடம். உண்மையில் இரண்டு பேருக்கே ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான்கைந்து பேர் என்றால் ஒவ்வொரு நெருக்கமான இடத்திலும் மற்றவர்கள் காத்து நிற்க வேண்டும். ஆகவே பாறைக்கு 45 நிமிடம் கூட்டி, ஓய்வுக்கு ஒரு மணி நேரம் சேர்த்து, மொத்தத்தின் மேல் கால் பங்கு ஏற்றினால் 8 மணி நேரம் வரும். திட்டத்தில் எழுத வேண்டிய எண் அதுதான்.

இப்போது இரண்டு திசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காலை 6 மணிக்குக் கிளம்பிப் பாறையை முதலில் வைத்தால், 8 மணி அளவில் அதன் அடியில் நிற்பீர்கள். பாறை ஈரமாக இருக்கிறதா, காற்று தள்ளுகிறதா, கூட வந்தவர் முகம் வெளுத்துவிட்டதா, எதுவானாலும் திரும்பிவிடலாம். வந்த வழியே நடந்தால் 10 மணிக்குள் கீழே. எதிர்த்திசையில் அதே பாறையின் தலைப்பகுதிக்கு வரும்போது 11 மணி. அதற்குள் 1100 மீட்டர் ஏற்றமும் முடிந்துவிட்டது. அங்கே மனம் மாறினால் 8.2 கிலோமீட்டர் பின்னால் போக வேண்டும், நடுவில் 350 மீட்டர் மறுபடி ஏற வேண்டும், சோர்ந்த காலோடு மூன்று மணி நேரம் ஆகும். எதிரே பாறை வழியாகப் போனால், கிளம்பிய இடத்தில் நிற்கும் வண்டிக்கு வெறும் ஆறு கிலோமீட்டர்தான். களைத்த மனிதர் என்ன முடிவெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. இறங்கக் கூடாத பாறையில் இறங்கத் தூண்டுவது அந்த ஆறு கிலோமீட்டர்தான்.

பாறையை முதலில் வைப்பதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. முகட்டின் நடுவரை ஏறியபின் திரும்புவதென்றால் ஏறியதை இறங்கியாக வேண்டும். அதனால் முதல் இருபது மீட்டரிலேயே ஒரு சோதனை செய்யுங்கள்: ஐந்தாறு அசைவு ஏறி, அதையே இறங்கிப் பாருங்கள். இறங்க முடியாததை ஏறாதீர்கள்.

இரண்டு பெயர்பெற்ற வளையங்கள்

வேல்ஸில் 1085 மீட்டர் உயர ஸ்னோடனைச் சுற்றும் குதிரைலாட வடிவ வளையம் சுமார் 12 கிலோமீட்டர். பென்-இ-பாஸில் தொடங்கி, முதலில் கத்திமுனை போன்ற கிரிப் கோக் (923 மீட்டர்), பிறகு சிகரம், கடைசியில் லிவெத் (898 மீட்டர்). ஏறத்தாழ எல்லோருமே இடஞ்சுழியாகத்தான் போகிறார்கள். நெய்ஸ்மித் கணக்கு நாலு மணி நேரத்தை ஒட்டி வரும் இந்தச் சுற்றுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நேரம் 6 முதல் 8 மணி. இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் கிரிப் கோக்கின் முகட்டில் போகிறது. எதிர்த்திசையில் போனால் அதன் கிழக்கு முகப்பைக் கடைசியில் இறங்க வேண்டியிருக்கும். பாதை தெளிவாகத் தெரியாத அந்தச் செங்குத்தில், மேலே நின்று பார்க்கிறவருக்கு எந்தப் படி எங்கே போகிறது என்பதே புரியாது. போதாததற்கு எதிரே ஏறி வருகிற வரிசையோடு ஒதுங்கவும் வேண்டும்.

இங்கிலாந்தின் ஹெல்வெலின் (950 மீட்டர்) வேறு பாடம் சொல்கிறது. அதன் வளையத்தில் பாறை முகடுகள் இரண்டு: ஸ்ட்ரைடிங் எட்ஜ், ஸ்விரல் எட்ஜ். ஒன்றில் ஏறினால் மற்றதில் இறங்கியே ஆக வேண்டும். வழக்கம், நீளமான ஸ்ட்ரைடிங்கில் ஏறி, குட்டையான ஸ்விரலில் இறங்குவது. சரியான வழக்கம். ஆனால் அதன் பலவீனம் உச்சியில் இருக்கிறது. மேலே அகலமான தட்டைவெளி. மூடுபனியில் ஸ்விரலின் வாசல் எங்கே என்று தெரியாமல் போகும். குளிர்காலத்தில் அந்த விளிம்பில் பனி வெளியே பிதுங்கி நிற்கும், அதன்மேல் மிதித்தால் கீழே ஒன்றுமில்லை. உச்சியிலிருந்து இறங்குமுகத்துக்குத் திசைகாட்டிக் கோணத்தை வீட்டிலேயே அளந்து தாளில் எழுதி வைப்பது இதுபோன்ற மலைகளுக்குத்தான்.

எதிர்த்திசை வெல்லும் இடங்கள்

பாறை முதலில் என்பது பொதுவிதி, எல்லா மலைக்கும் அல்ல. வளையத்தின் மறுகரையில் நீண்ட சரளைச் சரிவு இருந்தால் கவனியுங்கள். பொடிச் சரளையில் இறங்குவது குதிகாலை ஊன்றிச் சறுக்குகிற சுகம். அதிலேயே ஏறினால் இரண்டு அடிக்கு ஒரு அடி பின்னால் போகும். நல்ல வேளையாகப் பெரும்பாலான வளையங்களில் இதுவும் பாறை முதலில் என்பதோடு ஒத்துப்போகிறது.

ஒத்துப்போகாதது தண்ணீர். பனி உருகி ஓடும் ஓடையைத் தாண்ட வேண்டுமென்றால் காலையில் தாண்டுங்கள், பிற்பகலில் அது பெருகியிருக்கும். ஓடை பாறைக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் ஓடைதான் முடிவு செய்யும். ஈரமும் அப்படியே. காலை வெயில் படாத பாறையில் பனிஈரமோ மெல்லிய உறைபனியோ பத்து மணி வரைகூட நிற்கும். பாசி படர்ந்தால் சோப்புதான். அங்கே திசையை மாற்றுவதைவிடக் கிளம்பும் நேரத்தை ஒரு மணி தள்ளிவைப்பது நல்லது. ஆனால் பிற்பகல் இடிமின்னல் வழக்கமான மலைகளில் அந்தத் தள்ளலுக்கு இடமில்லை, நண்பகலுக்குள் முகட்டை விட்டு இறங்கியிருக்க வேண்டும்.

முகடா, பக்கவழியா?

கத்திமுனை முகடுகளில் சில மீட்டர் கீழே பக்கவழி ஒன்று தேய்ந்திருக்கும். ஸ்ட்ரைடிங் எட்ஜிலும் அப்படி உண்டு. பார்வைக்குப் பாதுகாப்பானதாகத் தோன்றும். பலமான காற்றில் உண்மையிலேயே அதுதான் பாதுகாப்பு. காற்றில்லாத நாளில் எங்கள் வாக்கு முகட்டுக்கே. மழையும் காற்றும் கழுவிய முகட்டில் கல் உறுதியாக இருக்கும்; பக்கவழியில் மேலிருந்து உருண்ட தளர்கற்களும் மண்ணும் சேர்ந்திருக்கும். மேலே நடக்கிறவர் தட்டிவிடும் கல்லும் அங்கேதான் வரும். ஹெல்மெட் போட ஒரு இடம் சொல்லச் சொன்னால் அதுதான்.

பக்கவழி சில நேரம் மெல்ல மெல்லக் கீழே இழுத்துக்கொண்டு போகும். முகட்டுக்கு இருபது மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிட்டால் நின்று வரைபடத்தைப் பாருங்கள்.

கயிறு பற்றி ஒரு வார்த்தை. கட்டத் தெரியாதவர்கள் எடுத்துவரும் கயிறு எடைதான். பாறையில் எங்கும் பிணைக்காமல் இரண்டு பேர் இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தால், ஒருவர் விழுந்தால் இருவரும் விழுவார்கள். பயிற்சி இல்லையென்றால் கயிறு தேவைப்படாத வளையத்தைத் தேர்ந்தெடுங்கள்.

காலணியில் பெரிய சண்டை தேவையில்லை: நுனி வளையாமல் சிறு விளிம்பில் நிற்கக்கூடிய அடிப்பாகம் போதும். கைத்தடிகளைப் பாறைக்கு முன்பே மடித்துப் பைக்குள் வையுங்கள். மணிக்கட்டில் வார் மாட்டிய தடி தொங்கிக்கொண்டிருந்தால், கை பிடியை எட்டும் நேரத்தில் அது கால்களுக்கு நடுவே புகும். பையின் வெளியே பாயோ பாட்டிலோ தொங்கக் கூடாது. முகட்டில் தண்ணீர் கிடைக்காது என்று வைத்து ஆளுக்கு 2 முதல் 3 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்லாம்பும் ஆளுக்கு ஒன்று.

கிளம்பும் முன் ஒரு நேரத்தை எழுதி வையுங்கள். சூரியன் 6 மணிக்கு மறைகிறது, 5 மணிக்குக் கீழே இருக்க வேண்டும், பாறை முடிந்தபின் ஓய்வோடு 4 மணி நேரம் வேண்டும் என்றால், பாறையின் தலையில் நிற்க வேண்டியது பகல் 1 மணிக்குள், பாறையடியில் 11.30-க்குள். கடிகாரம் 11.40 காட்டினால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்த இடத்திலிருந்து திரும்புங்கள். இந்த எண்ணையும் போகிற திசையையும் வீட்டில் இருக்கிறவரிடம் சொல்லிவிட்டுப் போனால், தேடுகிறவர்களுக்கு வளையத்தின் எந்தப் பாதியில் தேடுவது என்று தெரியும். சிக்கிக்கொண்டு உதவி வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிடம் மௌனம், மறுபடி ஆறு.